டிசைன் அக்காவும் திறக்காத ஃபோல்டரும்

என் மனைவியைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "எதுக்கு?" இரண்டாவது கேள்வி, "பொய் கலக்காம எழுதுவீங்களா?" முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. இரண்டாவதற்கு முயற்சி செய்கிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே பட்டறையில் வேலை செய்கிறோம். ஒரு கால் குட்டையானவர்கள், பாதம் வளைந்தவர்கள், விபத்தில் கணுக்கால் நொறுங்கியவர்கள் என்று கடையில் விற்கும் செருப்பு சரிப்படாதவர்களுக்கு அளவெடுத்துக் காலணி செய்யும் பட்டறை. நான் அடிப்பாகம் ஒட்டுகிறவன். பசை, சூடு, அழுத்தம், இவ்வளவுதான் என் உலகம். அந்த அடிப்பாகத்தைக் கம்ப்யூட்டரில் வரைகிறவள் அவள். பட்டறையில் எல்லோருக்கும் அவள் டிசைன் அக்கா. அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். என்னை 'பசை' என்று கூப்பிடுகிறார்கள். வீட்டில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

அவள் படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. முப்பத்தேழு வயது வரை தோல் வெட்டும் மேசையில் நின்றாள். முதலாளியம்மா ஒரு நாள் ஸ்கேனரும் செதுக்கும் மிஷினும் ஐந்து கம்ப்யூட்டரும் வாங்கிப் போட்டபோது நாங்களெல்லாம் ஆளுக்கொரு மூலையில் பதுங்கினோம். இவள் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு போய் அதன் முன்னால் உட்கார்ந்தாள். எதை அழுத்தினால் என்ன நடக்கிறது என்று எழுதினாள். அழுத்தி ஒன்றும் நடக்காவிட்டால் அதையும் எழுதினாள். நாலு மாதத்தில் நோட்டு ஏழாகியது, இவள் டிசைன் அக்கா ஆனாள்.

அந்த நோட்டுப் பழக்கத்தோடு அவளுக்கு ஒரு சட்டமும் உண்டு. ஏதாவது பழுதானால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்றிப் பார்ப்பாள். வீட்டில் குழாய் ஒழுகினாலும் அப்படித்தான். நான் நாலு தட்டு தட்டி, மூன்று திருகு திருகி, ஒழுகல் நின்றதும் நெஞ்சை நிமிர்த்துவேன். "எது பண்ணி நின்னுச்சு?" என்பாள். தெரியாது. "அப்போ மறுபடி ஒழுகும்" என்பாள். ஒழுகும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இனி அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

எங்கள் ஐந்து கம்ப்யூட்டர்களில் ஒன்று மாடிப்படிக்குக் கீழே அலமாரிக்குள் இருக்கிறது. அதுதான் பொதுக் கம்ப்யூட்டர். எல்லாக் கோப்புகளும் அதிலுள்ள 'பொது' என்ற ஒரே ஃபோல்டரில் இருக்கும். மற்ற நான்கும் கேபிள் வழியாக அதற்குள் போய் எடுக்கும், வைக்கும். அளவு அறையில் பாதத்தை ஸ்கேன் செய்தால் அது பொதுவுக்குப் போகும். இவள் அதை எடுத்து வரைந்து பொதுவிலேயே திரும்ப வைப்பாள். செதுக்கும் மிஷினோடு இணைந்த கம்ப்யூட்டர் அதை எடுத்து, ரப்பர் கட்டியில் அடிப்பாகமாகச் செதுக்கும். நான் ஒட்டுவேன். ஒன்பது வருஷத்துக்கு முன் இதையெல்லாம் இணைத்து வைத்தவர் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன். மிஷின் அண்ணன் என்போம். அவர் ஓய்வு பெற்று, சனிக்கிழமை சாயங்காலம் மாலையெல்லாம் போட்டுக்கொண்டு மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். இனி மிஷினையும் இவளே பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

திங்கள் காலை ஒன்பதரைக்கு இவள் மிஷின் கம்ப்யூட்டரில் 'பொது'வைத் திறந்தாள். திறக்கவில்லை. அனுமதி இல்லை என்று ஒரு பெட்டி வந்து நின்றது. அளவு அறைக் கம்ப்யூட்டரிலும் அதே பெட்டி. இவளுடைய மேசையிலும் அதே பெட்டி. முன்னறையில் முதலாளியம்மாவின் கம்ப்யூட்டர்கூடத் தயவு காட்டவில்லை.

பத்து மணிக்குக் கண்டக்டரம்மா வந்துவிட்டார்.

இவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இருபது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். போன வருஷம் விபத்தில் இடது கால் நொறுங்கி, கூடியபோது மூன்றரை சென்டிமீட்டர் குட்டையாகிவிட்டது, கணுக்காலும் சற்றே உள்பக்கம் சாய்ந்துவிட்டது. ஊன்றுகோலோடு நடக்கிறார். அன்று மதியம் மூன்று மணிக்கு அவர் டிப்போவில் அதிகாரி முன்னால் ஊன்றுகோல் இல்லாமல் நடந்து காட்ட வேண்டும், பஸ் படியில் மூன்று முறை ஏறி இறங்க வேண்டும். தவறினால் பஸ்ஸில் போகும் கண்டக்டர்களின் ஓட்டப் பட்டியலிலிருந்து அவர் பெயரை அடித்துவிட்டு அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். ஏற்கெனவே இரண்டு முறை தவணை வாங்கியாயிற்று. மூன்றாவது கிடையாது. அவருக்கான காலணியின் மேல்பாகம் தயார், அடிப்பாகத்தை இவள் சனிக்கிழமைதான் வரைந்து முடித்து, பொதுவில் வைத்திருந்தாள்.

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். செதுக்க ஐம்பது நிமிஷம். தேய்த்து ஒட்டி அழுத்த நாற்பது நிமிஷம். இரண்டு மணிக்கு அவர் இங்கிருந்து கிளம்பியாக வேண்டும். பன்னிரண்டரைக்கு மேல் மிஷின் ஓடத் தொடங்கினால் பிரயோஜனமில்லை.

"கையால செதுக்கிடவா?" என்றேன்.

"அந்தச் சாய்வு கைக்கு வராது. உங்களுக்கு ரெண்டு நாள் ஆகும்" என்றாள். உண்மைதான், ஆனால் கேட்க இனிக்கவில்லை.

"அப்போ பென் டிரைவ்ல எடுத்துட்டு வந்து மிஷின்ல போட வேண்டியதுதானே?" என்று முன்னறையிலிருந்து முதலாளியம்மா கத்தினார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் யாரோ பென் டிரைவைச் செருகி வைரஸைக் கொண்டுவந்தார்கள். ஒரு வாரம் பட்டறை படுத்துவிட்டது. அப்போது முதலாளியம்மா, "இனிமே எந்தக் கம்ப்யூட்டர்லயும் ஒரு ஓட்டைகூடத் திறந்திருக்கக் கூடாது" என்று உத்தரவு போட்டார். இன்டர்நெட்டையும் பிடுங்கச் சொன்னார். வேறு இடமாக இருந்தால் அதற்கென்று ஏதாவது மென்பொருள் தேடியிருப்பார்கள். செருப்புப் பட்டறைக்குத் தெரிந்தது பசை. பென் டிரைவ் செருகும் ஓட்டைகளை ஒன்று விடாமல் அடிப்பாகப் பசையால் நானே அடைத்தேன். அந்த வேலைக்குப் பாராட்டும் வாங்கினேன். மிஷின் கம்ப்யூட்டரின் கீபோர்டும் மவுஸும் பழைய வட்டச் செருகி என்பதால் அதில் ஓட்டையென்று ஒன்று மிச்சமே இல்லை.

ஊசியை எடுத்து ஒரு ஓட்டையைச் சுரண்டினேன். பசையோடு உள்ளேயிருந்த தகடும் பெயர்ந்து வந்தது. பத்து வருஷம் விடாது என்று எல்லோரிடமும் பீற்றிக்கொள்வேனே, அந்தப் பசை. என் வேலை அவ்வளவு சுத்தம். கண்டக்டரம்மாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

இவள் அதற்குள் நோட்டை விரித்திருந்தாள். எனக்குப் பதறுகிறது, இவளுக்கோ கண்ணெல்லாம் மின்னுகிறது. பழுது என்றால் இவளுக்கு ஏற்படும் அந்த வேகத்தைக் கல்யாணமான புதிதில் கோபம் என்று நினைத்துப் பயந்திருக்கிறேன்.

"முதல்ல பொதுக் கம்ப்யூட்டர் உயிரோட இருக்கான்னு பார்ப்போம்" என்று மாடிப்படி அலமாரிக்கு ஓடினாள். நானும் ஓடினேன். அங்கே அதன் திரையிலேயே ஃபோல்டரைத் திறந்தாள். பட்டென்று திறந்தது. கண்டக்டரம்மாவின் கோப்பு சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. எட்டினால் கையில் படுகிற தூரம், எடுத்துப் போக வழியில்லை.

"கோப்பு பத்திரம்" என்று நோட்டில் எழுதினாள். "அடுத்து கேபிள்."

மிஷின் அறைக்குத் திரும்பி, கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து, பொதுக் கம்ப்யூட்டரின் எண்ணைத் தட்டினாள். பதில் வருகிறதா என்று கூப்பிட்டுப் பார்க்கும் வித்தை அது. நான்கு வரிகள் சடசடவென்று வந்து விழுந்தன.

"பதில் சொல்லுது. கேபிள் நல்லாருக்கு. கேபிளெல்லாம் சேர்ற ஸ்விட்ச் பெட்டி நல்லாருக்கு. கூப்பிட்டா ஏன்னு கேக்குது, கதவை மட்டும் திறக்க மாட்டேங்குது."

மற்ற மூன்றிலும் இதையே செய்து பார்த்து முடிக்க மணி பதினொன்று இருபது. எனக்கு மண்டை காய்ந்தது. நான் செய்தது தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். சுவரில் மாட்டியிருந்த ஸ்விட்ச் பெட்டியின் மின்சாரத்தைப் பிடுங்கி மறுபடி செருகினேன். விளக்கெல்லாம் அணைந்து எரிந்தன.

"யார் தொட்டது?"

"நான்தான். அணைச்சுப் போட்டா சரியாகும்னு..."

"நல்லாருக்குன்னு இப்பத்தானே எழுதினேன்? நல்லாருக்கறதை எதுக்குத் தொட்டீங்க? இப்போ அதை மறுபடி முதல்லருந்து பார்க்கணும். கையைக் கட்டிட்டு நில்லுங்க."

கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கண்டக்டரம்மா முதல் முறையாகச் சிரித்தார். "பஸ்ல ஒரு பிரயாணி இப்படித்தான், வண்டி நின்னா போதும், இறங்கிப்போய் டயரை உதைப்பார்" என்றார்.

மீண்டும் சோதித்தாள். எல்லாம் முன்போலத்தான். அடுத்ததாக, திரையில் இருக்கும் ஃபோல்டர் படத்தை அழுத்தாமல், பொதுக் கம்ப்யூட்டரின் எண்ணை நேராகத் தட்டி உள்ளே போகப் பார்த்தாள். இந்த முறை வேறு பெட்டி வந்தது. பெயரோ பாஸ்வேர்டோ தவறு, மறுபடி கொடு என்றது. பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது.

மிஷின் அண்ணனின் பெயர்.

"இது அண்ணன் உட்கார்ந்த கம்ப்யூட்டர், அவர் பேர் இருக்கறது நியாயம்தானே?" என்றேன்.

அவள் அளவு அறைக்கு ஓடினாள். அங்கேயும் அதே முறையில் தட்டினாள். கட்டத்தில் அண்ணன் பெயர். தன் மேசைக்கு ஓடினாள். அண்ணன் பெயர். முதலாளியம்மாவை எழுந்திருக்கச் சொல்லி அவர் நாற்காலியில் உட்கார்ந்து தட்டினாள். அண்ணன் பெயர். பிறகு அப்படியே அசையாமல் இருந்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கிறாள் என்று பக்கவாட்டிலிருந்து தெரிந்தது.

"என்னம்மா ஆச்சு?" என்றார் முதலாளியம்மா.

"நான்தான் அம்மா பண்ணிட்டேன்."

சனிக்கிழமை அண்ணனை வழியனுப்பிய கையோடு, போனவர் பெயர் எதற்குப் பட்டியலில் என்று பொதுக் கம்ப்யூட்டரிலிருந்து அதை நீக்கியிருக்கிறாள். யாரும் சொல்லி அல்ல. மேசையைத் துடைத்தாள், அவர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள், பெயரை அழித்தாள். எல்லாம் ஒரே சுத்தம்தான். ஆனால் ஒன்பது வருஷத்துக்கு முன் அண்ணன் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் தன் பெயரையே கொடுத்து, ஞாபகம் வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அன்றிலிருந்து அளவு அறை, டிசைன் மேசை, முதலாளியம்மா உட்பட நாங்கள் அத்தனை பேரும் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் பொதுவுக்குள் போய் வந்திருக்கிறோம். ஒருவருக்கும் தெரியாது. சனிக்கிழமை பெயர் போயிற்று, ஞாயிறு எல்லாம் அணைந்து கிடந்தது, திங்கட்கிழமை யாருக்கும் கதவு திறக்கவில்லை.

இவள் எழுந்து நேராகக் கண்டக்டரம்மாவிடம் போனாள். நான் கண்ணைக் காட்டித் தடுத்துப் பார்த்தேன். மெதுவாக அப்புறம் சொல்லிக்கொள்ளலாமே.

"உங்க வேலை நிக்கறதுக்குக் காரணம் நான்தான். ரிட்டயர் ஆனவர் பேரை லிஸ்ட்லருந்து எடுத்துட்டேன். அது எல்லாரையும் மாட்டி விட்ருச்சு."

கண்டக்டரம்மா ஊன்றுகோலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "பேரை எடுக்கறது எவ்வளவு சுலபமா இருக்கு பார்த்தீங்களா?" என்றார். "அங்கயும் எனக்கு அதைத்தான் பண்ணப் போறாங்க. ஒரு கோடுதான். இருபது வருஷம் ஓடினவ." கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று எனக்கு இருந்தது. இவளுக்குக் கண் கலங்கிவிட்டது, ஆனால் கால் மாடிப்படி அலமாரியைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது.

மணி பதினொன்று ஐம்பது.

"அண்ணன் பேரையே திரும்பப் போட்டுடு" என்று முதலாளியம்மா வழி சொன்னார். அதே பெயர், அதே பாஸ்வேர்ட் என்றால் நாலு கம்ப்யூட்டரையும் சமாதானப்படுத்துவது சுலபம். அண்ணனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தோம். பேரக்குழந்தை ஒன்று பின்னால் வீறிட்டுக்கொண்டிருந்தது.

"பாஸ்வேர்டா? ஒன்பது வருஷம் முன்னாடி ஒரே ஒரு தடவ அடிச்சேன் தங்கச்சி. அதுவே ஞாபகம் வெச்சுக்கும்னு ஒரு கட்டம் இருந்துச்சு, அதுல டிக் போட்டேன். அது வெச்சுக்கிச்சு, அதனால நான் வெச்சுக்கல."

"சரி அண்ணே, குழந்தையைப் பாருங்க" என்று வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் மனதில் நிற்கிறது. ஃபோல்டரில் எந்தக் கோப்பு யாருடையது என்று காட்டும் பக்கம் ஒன்றைத் திறந்தாள். ஸ்கேன்களை விட்டுவிட்டாலும் ஆயிரத்து நூறுக்கு மேல் கோப்புகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே நீளமான எண். பெயர் இல்லை. "இது அண்ணன்" என்றாள். "பேரை எடுத்ததும் வெறும் நம்பராயிட்டார்." ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். "இத்தனையும் நான் வரைஞ்சது."

எனக்குச் சுருக்கென்றது. ஒன்பது வருஷம் இவள் கண் எரிய எரிய வரைந்த ஆயிரத்து நூறு பாதங்களில் ஒன்றுகூட இவள் பெயரில் இல்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"அதுக்கெல்லாம் இப்போ நேரமில்லைங்க" என்றாள். புதுப் பெயர் ஒன்றை உண்டாக்கும் பக்கத்தைத் திறந்து, தன் பெயரைத் தட்டினாள். ஒரு பாஸ்வேர்ட் கொடுத்தாள். அதை நோட்டிலும் எழுதினாள். பொது ஃபோல்டரைப் பகிரும் பட்டியலில் தன் பெயரைச் சேர்த்தாள்.

மிஷின் அறைக்கு ஓடினோம். இப்போது பட்டறையே பின்னால் ஓடிவந்தது. அங்கே ஞாபகத்தில் இருந்த அண்ணன் பெயரை முதலில் நீக்கினாள், இல்லாவிட்டால் அது பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருக்குமாம். தன் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்தாள். 'பொது' என்ற ஃபோல்டர் திரையில் வந்தது. முதலாளியம்மா கை தட்டினார். இவள் ஃபோல்டரை அழுத்தினாள்.

அனுமதி இல்லை.

மணி பன்னிரண்டு பன்னிரண்டு. கண்டக்டரம்மா ஸ்டூலில் உட்கார்ந்து தரையைப் பார்த்தார். நான் பசை டப்பாவை மூடலாமா திறந்து வைக்கலாமா என்று புரியாமல் நின்றேன்.

இவளோ சிரிக்கிறாள். "முன்னாடி வாசல்லயே நிறுத்துச்சு. இப்போ வீட்டுக்குள்ள விட்ருச்சு, அறைக் கதவுதான் பாக்கி. ரெண்டு பட்டியல் இருக்கு. ஒண்ணு நெட்வொர்க் வழியா வர்றவங்களுக்கு. இன்னொண்ணு அந்த ஃபோல்டருக்கே சொந்தமானது. அதுலயும் அண்ணன் பேர்தான் இருந்திருக்கும்."

மறுபடி மாடிப்படி. ஃபோல்டரின் பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்தாள். அவள் சொன்னதுதான். அந்த நீளமான எண் அங்கே பெரிய மனுஷன்போல உட்கார்ந்திருந்தது. அதன் கீழே தன் பெயரைச் சேர்த்து, படிக்கலாம், எழுதலாம், மாற்றலாம் என்று எல்லாவற்றுக்கும் டிக் போட்டாள். ஆயிரத்து நூறு கோப்புக்கும் அந்த உரிமை இறங்கி வர, பச்சைக் கோடு ஒன்று நகர ஆரம்பித்தது. இப்படி ஒரு நத்தையை நான் பார்த்ததில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். யாரும் சொல்லவில்லை, நானே கட்டிக்கொண்டேன்.

கோடு முடிந்தது. ஓடினோம். அழுத்தினாள். ஃபோல்டர் திறந்தது. கண்டக்டரம்மாவின் கோப்பைத் தேடி இழுத்து மிஷினுக்குக் கொடுத்தாள். பன்னிரண்டு இருபத்தாறுக்கு மிஷின் உறுமியது. ரப்பர் தூள் பறந்தது. நான் வாழ்க்கையில் அதுவரை அந்தச் சத்தத்தைத் திட்டாத நாளில்லை. அன்று அதைக் கட்டிப்பிடித்திருப்பேன். எல்லோரும் ஒரே நேரத்தில் பேச, இவள் மட்டும் தூளுக்கு நடுவில் நின்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். எது பண்ணிச் சரியாச்சு என்று எழுதாமல் இவளுக்குச் சோறு இறங்காது.

அதன் பிறகு என் முறை. என் கை அவ்வளவு வேகமாக ஓடும் என்று எனக்கே தெரியாது. தேய்த்தேன், பசை பூசினேன், சூடு காட்டினேன், அச்சில் வைத்து அழுத்தினேன். இரண்டுக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது கண்டக்டரம்மா காலை நுழைத்து எழுந்தார். ஊன்றுகோலை இவளிடம் கொடுத்தார்.

முதல் நடையில் தடுமாறினார். காலணி சமமாகத்தான் இருந்தது, உடம்புதான் ஒரு வருஷப் பழக்கத்தில் இடப்பக்கம் சாயப் பார்த்தது. "நீங்க சாய வேண்டாம், அது தாங்கும். நம்பி வைங்க" என்று இவள் பின்னாலேயே நடந்தாள். இரண்டாவது நடையில் பட்டறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நேராகப் போனார். அங்கே சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பி எங்களைப் பார்த்தார். வாசலில் வாடகை வண்டி ஹாரன் அடித்தது. ஊன்றுகோலை மறந்துவிட்டே போய்விட்டார்.

நாலரை வரை ஒருவரும் உருப்படியாக வேலை செய்யவில்லை. முதலாளியம்மா மூன்று முறை வந்து போனைப் பார்த்துவிட்டுப் போனார். இவள் மற்ற மூன்று கம்ப்யூட்டரையும் அவரவர் பெயரில் மாற்றிக்கொண்டிருந்தாள், ஆனால் முதலாளியம்மாவின் பெயரையே இரண்டு தரம் தப்பாகத் தட்டினாள். போன் அடித்ததும் ஸ்பீக்கரில் போட்டாள்.

"மூணு தடவ ஏறி இறங்கச் சொன்னாங்க. நான் நாலு தடவ ஏறினேன்" என்றது கண்டக்டரம்மாவின் குரல். பின்னால் இஞ்சின் சத்தம். "பட்டியலை மேசை மேல விரிச்சு, பேனா மூடியைக் கழட்டி வெச்சிருந்தாரும்மா அந்த அதிகாரி. என் பேருக்கு நேரா. நான் நடந்து முடிச்சதும் மூடியைப் போட்டுச் சட்டைப் பைல வெச்சுக்கிட்டார். நாலரை மணி ஓட்டத்துக்கு ஆள் இல்லையாம், இப்பவே ஏறுறியான்னு கேட்டாங்க. ஏறிட்டேன்."

இவள் காலையிலிருந்து ஓடிய ஓட்டத்துக்கு அப்போதுதான் ஓய்ந்து உட்கார்ந்தாள், அதுவும் தரையில். போனை என்னிடம் நீட்டினாள். ஏதாவது சொல்ல வேண்டுமே.

"நாளைக்குக் காலை வரைக்கும் தண்ணில நனைக்காதீங்க. பசை காயணும்" என்றேன்.

"சரிங்க" என்று சிரித்தார் கண்டக்டரம்மா. "டிசைன் அக்காகிட்ட சொல்லுங்க, வண்டி கிளம்புது." இரண்டு முறை மணி அடிக்கும் சத்தம் கேட்டது. இஞ்சின் சத்தம் கூடியது. போன் வைக்கப்பட்டது.

இவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவ்வளவு பெரிய விஷயம் சொல்றாங்க, உங்களுக்குப் பசையா முக்கியம்?" என்றாள்.